நாலாம் வட்டத்தின் பத்தாவது பாட்டு

சூரிச், 14 மே 2024

அன்புள்ள கஜா அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. துன் நகரத்துத் தபால்காரரைத் தடுக்க உங்களாலும் முடியாது என்பதால் இதைக் கையால் எழுதுகிறேன். கல்லூரியை விட்டபின் நான் இவ்வளவு தமிழ் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது பதில் போடுங்கள்.

சனிக்கிழமை நீங்கள் ஹெட்போனைக் கழற்றி மைக்கில் மாட்டிவிட்டு ஸ்டுடியோ படியேறிப் போனபோது, காபி குடிக்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். யோகராஜா அண்ணன்தான் சொன்னார், "அவ ஸ்டேஷனுக்குப் போட்டா" என்று.

அக்கா, நம் நாலு பேரையும் ஓரிடத்தில் உட்கார வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. நாம் நாலு பேரும் நாலு குழுக்களின் தலைகள். யோகராஜா அண்ணன் ட்ரம்ஸில் உட்காராத தமிழ்க் கல்யாணம் ஷ்லீரனில் கிடையாது. ஜெனுசன் இங்கேயே பிறந்து மெட்டல் குழு நடத்துகிறவன். அவனுடைய பேஸ் கிட்டாருக்கு ஜெர்மனியில்கூட ரசிகர்கள் இருக்கிறார்கள். பெர்ன் பக்கத்துத் திருவிழா மேடைகளில் உங்கள் குரலுக்கு இன்னொரு குரல் நின்றதில்லை. நான் ஆபீஸ் நண்பர்களோடு பார்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த திருச்சிக்காரன். லாங்ஸ்ட்ராஸ பக்கம் ஒரு நிலவறை ஸ்டுடியோ பிடித்து, அந்த வட்டாரத்தின் எண்ணையே பெயராக்கி, 'நாலாம் வட்டம்' என்று வைத்தோம். சின்தசைசர் கிடையாது. கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், குரல். நம் நாட்டுப்பாட்டு மெட்டு, நாம் பேசுகிற தமிழ். ரூட்ஸ் ராக் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்கியபோது, "இதுக்கு ஒரு பேர் வேற இருக்கோ?" என்று சிரித்தீர்கள்.

ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. நவம்பரில் ஆல்பம் வர வேண்டும். மிச்சம் உங்கள் பாட்டு மட்டும்தான். வெளியிடப் போகிற கம்பெனிக்காரர்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன்: ஆல்பம் சென்னையிலும் கோவையிலும் கேட்கப்பட வேண்டும். அங்கே 'போட்டு வாறன்' என்று பாடினால், இந்த அம்மா எதையோ கீழே போட்டுவிட்டு வருகிறார் என்றுதான் நினைப்பார்கள். 'போயிட்டு வரேன்' என்று மாற்றலாம். கமகத்தையும் குறையுங்கள் என்றேன். வேலைக்கு நடந்து போகிறவள் பாடுகிற பாட்டில் இவ்வளவு சுழற்சி வேண்டாம். இதற்கா இவ்வளவு கோபம்? ஒரு சொல்தானே அக்கா.

அன்புடன்
ஹரிஷங்கர்


துன், 21.05.2024

திரு. ஹரிஷங்கர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதை பி-போஸ்டில் அனுப்புகிறேன். மெதுவாக வந்து சேரட்டும். அவசரப்பட்டு உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு சொல்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டில் வேறு என்ன இருக்கிறது? விடியமுன் வேலைக்கு வெளிக்கிடுகிற ஒரு பொம்பிளை, புருஷனுக்குச் சொல்கிறாள், நித்திரையில் கிடக்கிற பிள்ளைக்குச் சொல்கிறாள், அடுப்புக்குச் சொல்கிறாள், பனி மூடின பஸ் தரிப்பிடத்துக்கும் சொல்கிறாள்.

சப்பாத்துக்குள்ள பனி உருகுது, போட்டு வாறன்,
சட்டைக்குள்ள சூடிருக்குது, போட்டு வாறன்.

அந்தப் பொம்பிளை நான். இந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் தொடங்கி இன்று காலைச் சாப்பாட்டு மண்டபம் முழுவதற்கும் பொறுப்பாக நிற்கிறேன். அத்தனை வருடமும் வாசலில் நின்று சொன்னது அந்தச் சொல்தான். அதை நான் எங்கேயும் போய்ப் படித்து எடுத்து வரவில்லை.

'நாம் பேசுகிற தமிழ்' என்று ஆல்பத்துப் போஸ்டரில் அடித்தீர்களே, அந்த 'நாம்' யார்? சென்னைச் சனத்துக்கு விளங்காதென்றால் இரண்டாம் தரம் கேட்கட்டும். உங்களுடைய படங்களைப் பார்த்துப் பார்த்து உங்களுடைய பேச்சை நாங்கள் விளங்கிக்கொண்டோம். எங்களுக்கு ஒருவரும் மாற்றித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கமகத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். பாடுகிறவள் நான்.

என்னவர் குணசேகரம் சமையலறையில் நின்றுகொண்டு, "பாவமப்பா, அந்தப் பெடியன் கையால எழுதியிருக்கிறான்" என்கிறார். அவருக்கு எல்லாரும் பாவம்தான்.

இப்படிக்கு
கு. கஜலக்சுமி


சூரிச், 3 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நான் மறைத்து வைத்துப் பிறகு நீங்கள் யார் மூலமாகவோ அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் அபர்ணாவைக் கூப்பிட்டுப் பாட்டைப் பாட வைத்தேன். உங்களுக்கு அவளைத் தெரியும். என் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நம் ஒத்திகைக்கு இரண்டு தரம் வந்திருக்கிறாள். 'போயிட்டு வரேன்' என்றுதான் பாடினாள். ஒரு சுருதி விலகல் இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி.

யோகராஜா அண்ணன் அந்தக் குரலுக்கு ட்ரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தார். முதல் சரணம் தாண்டவில்லை. குச்சிகளைத் துணிப்பையில் போட்டு எழுந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"நான் போறன்."

"எப்ப வருவீங்க?"

"வாறதெண்டால் போட்டு வாறன் எண்டு சொல்லியிருப்பன் எல்லோ," என்றார். அவ்வளவுதான். ஜெனுசன் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

அக்கா, இது உங்கள் ஒருத்தியின் பாட்டு மட்டும் இல்லை. பத்துப் பாட்டும் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. அவர் நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வார்த்தை பேசுங்கள். அபர்ணா பாடியதை சிடியில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கோபம் இல்லாமல் ஒரு தடவை கேளுங்கள்.

ஹரி


துன், 09.06.2024

ஹரிஷங்கர் அவர்களுக்கு,

யோகராஜா அண்ணையோடு நான் கதைக்க மாட்டேன். அவர் எழும்பிப் போனதைக் கேள்விப்பட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் போய் அவரை இருக்கச் சொல்வேனா?

சிடியைக் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை நல்லாகப் பாடியிருக்கிறாள். மேலே போகிற இடத்தில் எனக்கு மூச்சு வாங்குவது அவளுக்கு வாங்கவில்லை. இதை அவளிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவள் பாடுகிறபோது, அந்தப் பொம்பிளை கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள் என்று தெரிகிறது. என்னுடைய பொம்பிளை எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. இது வேறு பாட்டு. நல்ல பாட்டு. வேறு பெயர் வைத்துப் போடுங்கள்.

கஜலக்சுமி


சூரிச், 24 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நேற்று ஷ்லீரனுக்குப் போனேன். யோகராஜா அண்ணன் வீட்டில் தேநீர் தந்தார்கள். ஆல்பத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கால்பந்து பற்றிப் பேசினார், தன் வேலையிடத்துப் புது மேலாளரைப் பற்றிப் பேசினார். கடைசியில் நானே கேட்டேன், "என்னண்ணே தப்பு? ஒரு வார்த்தை மாறினதுக்கா?"

மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். "தம்பி, போ-ட்டு. அந்த 'ட்டு'வில என்ர ஸ்னேர் ட்ரம் அடி விழுது. நீர் மாத்தினதில அந்த இடத்தில 'யி'தான் நிக்குது, 'ட்டு' பிந்தி வருது. நான் வெறும் காத்துக்கு அடிக்கிறன்."

நானும் தட்டிப் பார்த்தேன். உண்மை. 'போயிட்டு' வழுக்கிக்கொண்டு போகிறது. அதுவரை எனக்குக் காதில் ஏறாத ஒன்று. அபர்ணா பாடியதில் ஏதோ குறைகிறது என்று நான் அத்தனை நாள் கிட்டாரைக் கூட்டிக் குறைத்து எதைத் தேடினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவர் மாலை ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்து, "போட்டு வாறன்" என்றார். அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "ஓம், போட்டு வாங்கோ" என்றார். அக்கா, சென்னையில் யாருக்கும் புரியாது என்று நான் சொன்ன சொல், எனக்கு அந்த இடத்தில் அகராதி இல்லாமல் புரிந்தது.

இன்று காலை கம்பெனிக்கு எழுதிவிட்டேன். சொல் மாறாது, பாடகி மாற மாட்டார். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது: அப்படியென்றால் அவர்கள் வெளியிட மாட்டார்கள். சரி. ஜெனுசனின் மெட்டல் நண்பர்கள் தங்கள் இசைத்தட்டுகளைத் தாங்களேதான் போடுகிறார்கள். நாமும் போடுவோம். அபர்ணாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அந்தச் சொல்லை நீங்கள் பாடிக் கேட்கத்தான் தனக்கும் ஆசை என்றாள்.

கமகம் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சரி. அதை விட்டுத்தர மாட்டேன்.

ஹரி


துன், 24.06.2024

ஹரி,

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குணசேகரம்தான் எழுதச் சொன்னார்.

எனக்கு தைரோயிட்டில் ஒரு கட்டி. அடுத்த மாதம் 11ம் திகதி பெர்னில் ஒப்பரேஷன். புற்றுநோய் இல்லை என்று இப்போதைக்குச் சொல்கிறார்கள். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறதாம். டொக்டர் நல்ல பிள்ளை. படம் கீறிக் காட்டினார். "நீங்கள் பாடுகிறவரா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பேனையை மேசையில் வைத்துவிட்டார். பிறகு குரல் இப்படியே இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல ஏலாது என்றார்.

இதைச் சொல்லி நான் உம்மிடம் பாட்டைக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீர் அறிந்தால், அக்கா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று அழுவீர். உமக்கு அழுகை கெதியாய் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சொல்கிறேன்.

கஜா அக்கா


சூரிச், 27 ஜூன் 2024

அக்கா,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. பி-போஸ்ட். உங்களுக்கு என் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கும். நான் அதை எழுதும்போது எனக்கு எதுவும் தெரியாது. இது ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

பாட்டைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தக் கழுத்தோடு பாடலாமா? வலிக்குமா? ஆல்பத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடலாம். ஒன்பது பாட்டோடுகூட விடலாம்.

ஹரி


துன், 29.06.2024

ஹரி,

நம்புகிறேன். உமது கடிதத்தின் திகதியை என்னவரும் நானும் நாலு தரம் பார்த்தோம். அவர், "பாத்தீரோ, பெடியன் தானாத்தான் திரும்பியிருக்கிறான்" என்று சொல்லிச் சொல்லி நடந்தார். உம்மைவிட அவருக்குத்தான் பெருமை.

இரக்கப்பட்டு நீர் சொல்லைத் திருப்பித் தந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். ஸ்னேருக்காகத் தந்தீர். அது எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டுக்காரருக்குள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

டொக்டரிடம் கேட்டேன். பாடலாம். இதை ஏ-போஸ்டில் அனுப்புகிறேன். 6ம் திகதி சனிக்கிழமை வேலை முடிந்து வருகிறேன். யோகராஜா அண்ணை இருக்க வேண்டும். ஒன்பது பாட்டோடு விடலாம் என்று இன்னொரு தரம் எழுதாதேயும்.

கஜா அக்கா


சூரிச், 8 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் ட்ரெயினுக்கு ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

ஹோட்டல் உடுப்போடும் கறுப்புச் சப்பாத்தோடும் நேராக வந்து நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடினீர்கள். ஒரு கமகம் இல்லை. நடந்து போகிற மாதிரியே பாடினீர்கள். மூன்றாம் சரணத்தில் மேலே போகிற இடத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சும் பாட்டில் இருக்கிறது. "இன்னொரு தரம் பாடலாமா அக்கா?" என்று நான் கேட்டது பழக்கதோஷம்.

"ஏன், பிழைச்சுதோ?"

"இல்லக்கா."

"அப்ப காணும்."

சவுண்ட் எஞ்சினியர் ரெகுலாவுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் முகத்தைப் பார்த்து, கேட்காமலே பதிவு செய்வதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் போனபின் போட்டுக் கேட்டோம்.  பேஸ்மென்டில் சிக்னல் கிடைக்காது என்று ஜெனுசன் படியேறி மேலே போய், நீண்ட வயரோடு ஒரு ஸ்பீக்கரை வாசல்வரை இழுத்து வைத்து, தன் அம்மாவுக்குப் போன் போட்டான். "அம்மா, கேளுங்கோ. இது நாங்கள். அடியில 'தும் தும்' எண்டு கேக்குதே, அது நான் வாசிக்கிறன்." அவனுடைய மெட்டல் தட்டு எதையும் அவன் அம்மாவுக்கு அவன் போட்டுக் காட்டியதே இல்லையாம். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள். யோகராஜா அண்ணன் அவர்களுக்குத் தன் ஜெர்மனில் விளக்கினார்: "இது எங்கட குழு. பாடுறது துன்னில இருந்து வந்த எங்கட ஆள்."

ஆல்பத்தின் பெயரை இரவு மூவரும் ஒரே குரலில் தீர்மானித்தோம். அட்டையில் தமிழில் மட்டும் இருக்கும்: போட்டு வாறன்.

வியாழக்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் லீவு. குணசேகரம் அண்ணன் தனியாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஹரி


துன், 30.08.2024

ஹரி,

கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இப்போது உண்மையாகவே கடிதம்தான்.

கட்டி எடுத்தாயிற்று. கெட்டது ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. ஆனால் குரல் காற்றாக வருகிறது. ஒரு பக்கத்து நரம்பு சோர்ந்து கிடக்கிறதாம். எழும்பலாம், எழும்பாமலும் விடலாம். கிழமைக்கு இரண்டு தரம் ஒரு சுவிஸ் பிள்ளை எனக்கு 'ஆ', 'ஊ' சொல்லப் பழக்குகிறாள். கோயில் மேடையில் சனத்தை எழுப்பி நிறுத்தினவள் 'ஊ' சொல்லப் பழகுகிறேன். ஒரு நாள் அவளுக்கு முன்னால் அழுதுவிட்டேன். ஒரு நாள்தான்.

தட்டு எப்போது வருகிறது? அதைச் சொல்லும். என்னைப் பற்றிக் கேட்டு எழுதாதேயும்.

கஜா அக்கா


சூரிச், 24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தட்டு கிடைத்திருக்கும். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சுவிஸ் வானொலியில் போட்டார்கள். அறிவிப்பாளர் 'போட்டு வாறன்' என்று சொல்வதற்கு முன் எனக்கு போன் செய்து மூன்று தரம் சொல்லிப் பழகினார். லாங்ஸ்ட்ராஸ மளிகைக் கடையில் காலையிலிருந்து அதுதான் ஓடுகிறது. கடைக்காரர் என்னிடம் தேங்காய்க்குக் காசு வாங்க மறுத்தார், நான் பாட்டுக்காரன் என்று.

இதை மட்டும் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். மதுரையிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார். முதல் தரம் கேட்டபோது அந்த அம்மா எதையோ போட்டுவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்தாராம். மூன்றாம் தரம் கேட்கும்போது புரிந்து, பஸ்ஸிலேயே கண் கலங்கினாராம். இப்போது அவர்கள் விடுதியில் ட்யூட்டிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கதவில் நின்று அப்படித்தான் சொல்கிறார்களாம். அந்தக் கடிதத்தை நான் கம்பெனிக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

ஜனவரி 25 அன்று சூரிச்சில் அறிமுகக் கச்சேரி. டிக்கெட் முழுவதும் விற்றுவிட்டது. நீங்கள் பாட வேண்டாம். மேடையில் வந்து நின்றால் போதும். அபர்ணா அந்தப் பாட்டைப் பாடத் தயாராக இருக்கிறாள், உங்கள் சொல்லோடு. "அக்கா பாடுறதா இருந்தா நான் பக்கத்துல நிக்கிறேன், அவ்வளவுதான்" என்றும் சொன்னாள்.

ஹரி


துன், 08.12.2024

ஹரி,

எங்கள் முதலாளியம்மா காலைச் சாப்பாட்டு நேரத்தில் இசைத்தட்டைப் போட்டுவிட்டார். கோப்பியும் முட்டையும் ஓடிக்கொண்டிருக்க என் குரல் மண்டபம் முழுக்க நிற்கிறது. பாசல் நகரத்திலிருந்து வந்த ஒரு வயதான மனுசி, யார் இது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் இப்போதைய கரகரத்த குரலைக் கேட்டு, நான் பகிடி விடுகிறேன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு துணி அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அங்கே நின்று மெல்லப் பாடிப் பார்த்தேன். மேலே போகிற இடம் இல்லை. போய்விட்டது. திரும்ப வராது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கீழே இறங்கி, இன்னும் இறங்கிப் பாடினேன். அடியில் ஒரு குரல் கிடக்கிறது, ஹரி. தடித்த குரல். எனக்கே புதிது. அந்தப் பாட்டு அதில் நிற்கிறது. அன்றிலிருந்து வேலை முடிந்தபின் ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் போகிறேன். நேற்று மூன்று சரணமும் விழாமல் வந்தது. வெளியே வந்தால், என்னைக் கூட்டிப்போக வந்த குணசேகரம் கதவடியில் மேல்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "என்னப்பா இது, ஆரோ புது ஆள் பாடுறா எண்டெல்லோ நினைச்சன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மேடையில் சும்மா வந்து நிற்க நான் பூச்சாடி இல்லை. பாடுகிறேன். கிற்றார் இரண்டையும் சுருதி இறக்கிக் கட்டும், எவ்வளவு என்று ஒத்திகையில் சொல்கிறேன். யோகராஜா அண்ணை எனக்காக அடியைக் குறைக்கக் கூடாது. மூன்றாம் சரணத்தில் மேலே போகிற இடத்தை அபர்ணா பாடட்டும். என்னுடைய பக்கத்தில் நின்று, உரத்துப் பாடட்டும். அவளுக்கு மூச்சு இருக்கிறது.

இனி போஸ்டர். போன தரம் அடித்ததில் என் பெயரை உங்கள் ஊர் வழக்கத்தில் 'கஜலட்சுமி' என்று போட்டிருந்தீர். அதைக் கண்டபோது சண்டை தொடங்கிவிட்டபடியால் சொல்லவில்லை. இந்தத் தரம் பெரிய எழுத்தில், முதலாவதாக, சரியாக அடியும்: கஜலக்சுமி.

அக்கா